முன்னால் நின்று எடுத்த படம்

பார்கவி இறந்த செய்தியை அவருடைய தம்பிதான் போனில் சொன்னார். "அக்கா போயிட்டா, வாசு. தூக்கத்துலயே ஹார்ட் நின்னுடுச்சு." நானும் அவரும் பகிர்ந்துகொண்ட ஜனக்புரி பட்டறையில் அப்போது வெல்டிங் செய்துகொண்டிருந்தேன்.

அவரை இரும்புச் சிற்பியாக அறிந்த உங்களில் பலர் அந்த வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். நடந்தது இதுதான். சரோஜினி நகருக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், அழுத குழந்தைக்கு பிஸ்கட் நீட்டினார் முருகன் என்ற கட்டடத் தொழிலாளி. போனில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம் "பச்சா சோர்!" என்று கத்தியது. தான் பிள்ளை பிடிப்பவன் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு இந்தி வரவில்லை. கம்பியால் அடித்தார்கள், செங்கல்லால் அடித்தார்கள், உடைந்த பாட்டிலால் குத்தினார்கள். அந்த வழியாக வந்த பார்கவி கூட்டத்துக்குள் பாய்ந்தார். விலா எலும்பு முறிந்தும் விலகாமல், முருகனின் கிழிந்த கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. அவர் மடியிலேயே முருகன் இறந்தார்.

முன்னால் நின்று ஒருவன் எடுத்த வீடியோவில், பார்கவி கழுத்தை நெரிப்பதுபோல இருந்தது. கொலைகாரி என்றார்கள். வீட்டின்மீது கல் விழுந்தது. போலீஸ் விசாரித்து விடுவித்த பிறகும் வசை ஓயவில்லை.

"ஒரு மறுப்பு எழுதுங்க" என்றேன்.

"கல்லெறியறவன் படிக்க மாட்டான், வாசு. பார்ப்பான். அவனுக்குப் பார்க்கத்தான் ஏதாவது கொடுக்கணும்."

அப்படிப் பிறந்தவைதான் அந்தத் தகட்டு உருவங்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒருத்தி ஒருவனை நெரிக்கிறாள். சுற்றி வந்தால்தான் கிழிந்த கழுத்தும் அதை அடைத்த உள்ளங்கையும் தெரியும். கண்காட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முன்னால் நின்று போனில் படமெடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம் முருகனின் தம்பி செல்வம் கம்பியோடு அங்கே வந்தார். "எங்கண்ணனக் கொன்னுட்டு சிலை வேற வைக்கிறியாடி!" முதல் அடி இரும்புப் பெண்ணின் முகத்தில் விழுந்தது. நானும் காவலாளியும் ஓடினோம். பார்கவி குறுக்கே கை நீட்டினார். "விடு. அடிக்கட்டும்."

செல்வம் வெறியோடு அடித்துக்கொண்டே சுற்றி வந்தார். முகம் நசுங்கியது, தோளில் பற்றவைத்த இடம் பிளந்தது. மறுபக்கம் வந்ததும் ஓங்கிய கம்பி அப்படியே நின்றது. அந்தக் கழுத்தையும் கையையும் நெடுநேரம் பார்த்தார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னானா?"

"தண்ணி கேட்டார். எங்கிட்ட இல்லப்பா" என்றார் பார்கவி. செல்வம் தரையில் உட்கார்ந்து அலறினார். பார்கவியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய சிற்பங்களை யார் யாரோ பாதுகாப்பார்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அன்று குறுக்கே நீண்ட அந்தக் கையைத்தான். அது கம்பி வைத்திருந்தவரைத் தடுக்கவில்லை, என்னைத் தடுத்தது.