ஏழாம் கிணற்றின் கடைசிப் போத்தல்

சிவகௌரி முதுமாணிப் பட்டம் எடுக்க இன்னும் ஒரேயொரு போத்தல் தண்ணீர்தான் தேவைப்பட்டது. சொன்னால் சிரிப்பார்கள். இரசாயனவியல் படிப்பவர்களின் தலையெழுத்து அப்படி.

தோட்டத்துக்குப் போடும் பசளை எவ்வளவு நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. உடுவிலில் பத்துக் கிணறுகள், மாதத்துக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மாதங்கள். ஒரு மாதம் விடுபட்டாலும் அடுத்த வருடம் அதே மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று கம்பஸில் ஆய்வை மேற்பார்வை செய்யும் சேர் முதல்நாளே சொல்லிவிட்டார். வெயிலில் ஸ்கூட்டி ஓடிக் கறுத்து, நாய்க்கடியும் ஒன்று வாங்கி, கடைசி மாதத்தில் ஒன்பது கிணறுகளை முடித்துவிட்டாள். மிச்சம் ஏழாம் இலக்கம். ஆகக் கூடிய நைத்திரேற்று அதில்தான்.

கிணற்றுக்காரர் சீவரத்தினம் படலையிலேயே நின்றார். முகமெல்லாம் பல்.

"வாங்கோ பிள்ளை. இண்டைக்குப் பாருங்கோ, என்ரை கிணறுதான் முதலாம் பிள்ளை."

எட்டிப் பார்த்தாள். அடியில் கிடந்த கற்களை எண்ணலாம். குளோரின் மணம் மூக்கில் அடித்தது.

"ஐயா, கிணத்துக்கு என்ன செய்தனீங்கள்?"

"முந்தநாள் மோட்டர் போட்டு முழுக்க இறைச்சு, இறங்கிச் சேறள்ளி, குளோரினும் போட்டனான். பத்துக்குள்ளை எங்கடைதான் மோசமெண்டு போனமுறை சொன்னனீங்களெல்லோ? அதுவும் பக்கத்து வளவுக் குகதாசன் நிக்கேக்கை! அவன்ரை கிணத்திலும் பாக்க எங்கடை கூடாதெண்டால் எனக்கென்ன மரியாதை?"

சோதினைக்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசுவதுபோலப் பூசி வைத்திருந்தார் மனுசன். இறைத்துக் கழுவிய கிணற்றில் இந்த மாதத்து உண்மையான அளவு இனிக் கிடைக்காது. போத்தலைக் கிணற்றுக்குள் எறிய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. பின்னாலேயே அவரையும். ஆனால் சேறள்ள மண்வெட்டி பிடித்ததில் அவருடைய உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

அவருடைய மனைவி அருந்ததி தேத்தண்ணி கொண்டுவந்தார். கோபத்தோடு சேர்த்து அதையும் மடமடவென்று விழுங்கும்போதுதான் சிவகௌரிக்கு மூளை வேலை செய்தது.

"அம்மா, இறைக்க முன்னம் குடிக்கத் தண்ணி அள்ளி வைச்சிருப்பியளே?"

"ஓம், ரெண்டு குடம்."

"மிச்சம் இருக்கோ?"

அருந்ததி அவளுடைய கோப்பையைப் பார்த்தார். "உதிலைதான் பிள்ளை இருக்கு. புதுத்தண்ணி மணக்குது. உங்களுக்கெண்டுதான் பழசிலை கொஞ்சம் பிடிச்சு வைச்சனான்."

இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று ஆய்வின் கடைசிப் பக்கத்தில் எழுதப்போகிறவள், அரைக் கோப்பை குடித்து முடித்திருந்தாள். மிச்சத்தில் சீனியும் தேயிலையும்.

கொப்பியைத் திறந்தாள். ஏழாம் இலக்கத்துக்கு நேரே ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. போன மாத எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. பேனையும் கட்டம்வரை போனது. பிறகு எழுதினாள்: "கிணறு இறைக்கப்பட்டது. மாதிரி இல்லை." அந்த ஒரு வரியோடு அவளுடைய பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று.

"என்ன பிள்ளை, நாங்கள் முதலாமோ?"

"இந்த மாதம் உங்களுக்கு மாக்ஸ் இல்லை ஐயா. வாற வருசம் இதே மாதம் வந்து எடுக்கிறன்."

சீவரத்தினத்தின் முகம் விழுந்தது, உடனே நிமிர்ந்தது.

"அப்ப, அதுக்கு முதல்நாளும் ஒருக்கா இறைச்சு விடட்டே?"

"ஐயா!"

அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். சிவகௌரி மிச்சத் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, வெறும் போத்தலைப் பையில் வைத்தாள்.