மஞ்சள் பையில் ஒரு ரிட்டர்ன் பைப்

மழை பிடித்துச் சுவர் ஊறும் நாட்களில், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குள் டீசல் வாசம் எழும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சள் பைக்குள் ஒரு சாண் ரப்பர் குழாய் இருந்தது.

அப்பா அப்போது தில்லை நகரில் ஒரு துணிக்கடை முதலாளியிடம் பழைய டீசல் கார் ஓட்டினார். அவருக்கு முன்பு அதை ஓட்டிய அரியமங்கலத்து ராஜமாணிக்கத்தை, டீசல் திருடினார் என்று சொல்லி நிறுத்திவிட்டுத்தான் அப்பாவைச் சேர்த்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். போனது அந்தச் சம்பளத்தில்.

கொஞ்ச காலத்தில் முதலாளி அப்பாவையும் கேட்டார், டீசல் எங்கே போகிறது என்று. எங்காவது ஒழுகும் என்று சொல்லி அப்பா கார் நிற்கும் இடத்தைக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. "முன்னாடி இருந்தவனும் இதே காஞ்ச தரையத்தான் காட்டுனான்" என்றார் முதலாளி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கழுவ வேண்டும் என்று சொல்லி அப்பா காரை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். அடியில் படுத்து, டேங்கிலிருந்து இன்ஜின் வரை எல்லாக் குழாய்களையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, அம்மாவிடம் கோலமாவு கேட்டார்.

"மாவு போதுமா, இல்ல வண்டிக்கடியில நானும் வந்து ஒரு கோலம் போடணுமா?" என்றாள் அம்மா.

குழாய்களின் மேல் மாவைத் தடவிவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். சற்று நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை மாவு கறுத்து ஊறியது. இன்ஜினில் மிஞ்சும் டீசலை டேங்குக்கே திருப்பிக் கொண்டுபோகும் "ரிட்டர்ன் பைப்" அது. பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையில் உரசி உரசி வெடித்திருந்தது. இன்ஜினை நிறுத்தியதும் ஒழுகலும் நின்றது. ஓடும்போது ரோட்டில் சிந்தும், நின்றால் சிந்தாது. தரை காய்ந்திருந்தது அதனால்தான். அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் செருகி, இரண்டு பக்கமும் கிளிப்பை முடுக்கி, மறுபடி மாவு தடவி ஓடவிட்டார். மாவு வெள்ளையாகவே இருந்தது.

"நம்ம பேரு தப்புச்சு" என்றாள் அம்மா.

அப்பா வெட்டிய துண்டைக் கையில் வைத்தபடி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அப்ப ராஜமாணிக்கம் எடுக்கலடி. நானும்ல நம்புனேன்."

முதலாளியிடம் சொன்னபோது, "சரி பண்ணிட்டேல்ல, விடு. பழசக் கிளறாத" என்று முடித்துக்கொண்டார். ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்தால் கடை வாசலில் வந்து நியாயம் கேட்பார். கேட்டால் அப்பாவுக்கு வேலை இருக்காது. துண்டு மஞ்சள் பைக்குள் போனது. "அரியமங்கலத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடணும்" என்று ஞாயிறுதோறும் சொல்வார். அம்மா, பாடம் எழுதிக்கொண்டிருக்கும் என்னைப் பார்ப்பாள். அப்படியே நான் காலேஜும் முடித்துவிட்டேன்.

போன மாதம், நான் போகிறேன் என்று பையை எடுத்தேன். அப்பாவும் கூடவே பஸ் ஏறினார். அரியமங்கலத்தில் இறங்கியதும் டீக்கடை ஓரத்திலேயே நின்றுவிட்டார். "நீ போயிட்டு வாப்பா. எனக்குக் கால் வரல."

ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னார் மகன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிக் குழாயை நீட்டினேன். வளைத்துப் பார்த்தார், வெடிப்பு வாய் திறந்தது.

"அரியமங்கலம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு, உங்கப்பன் வந்து சொல்ல இத்தன வருஷம் ஆவுறதுக்கு?"

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். ஈரக்கையைத் துடைத்தபடி வந்த அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே குழாயை வளைத்துக் காட்டினார்.

"இந்தா பாரு. நான் எடுக்கலன்னு சொன்னேன்ல."

அந்த அம்மா வெகுநேரம் குழாயையே பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை.

டீக்கடையில் அப்பா, "என்ன சொன்னான்?" என்றார். "பையோட பைப்ப வாங்கி வச்சுக்கிட்டாரு" என்றேன்.

கார் என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது; அந்தத் துணிக்கடையும் இன்று இல்லை. இந்த மழைக்கு வீட்டில் டீசல் வாசம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மட்டும் கதவைச் சாத்தி, அந்த வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்துவைக்கிறார்.