எண்பது வருஷமாகக் காபி என்று நினைத்திருந்தார்கள்

நாகல் நகரில் இஃப்பத்தின் வீட்டில் காலை பத்து மணிக்கு மேல் ஒரு மணி வரைக்கும் மிக்ஸி ஓடக்கூடாது என்று ஓர் உடன்பாடு. அவளுடைய மாமியார் குர்ஷித் பேகம் பிரியாணி மசாலா அரைத்து, பொட்டலம் போட்டு, அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பட்டையும் கிராம்பும் அரைபடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதற்கு நடுவில், எங்கோ கடல் தாண்டி இருக்கிற வயசானவர்கள் முனகுவதைக் காதில் வாங்கி எழுதுவது நடக்கிற காரியமா? மாமியாரும் மருமகளும் இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்த பிறகுதான் நேரம் பிரித்துக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் இஃப்பத்தின் வேலை. தோல் மண்டியில் தரம் பார்க்கிற சனாவுல்லாவின் ஒரே மகள் அவள். பி.ஏ. இங்கிலீஷ் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்துத் தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கொரோனா வந்து பள்ளி மூடியபோது, மதுரையில் ஒரு சின்ன நிறுவனம் வீட்டிலிருந்தே கேட்டு எழுத ஆள் தேடுவதாகத் தெரிந்து விண்ணப்பம் போட்டாள். கணவன் தப்ரேஸ் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தான்.

முதல் மாதம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் படித்த இங்கிலீஷுக்கும் காதில் விழுந்த இங்கிலீஷுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு ஒருநாள், சந்தில் கீரை விற்கிறவர், "அம்புட்டுத்தேன் தாயி, இனி நாளைக்குத்தேன்" என்று சொல்லிப்போனது காதில் விழுந்தது. இவர் பேசுகிற தமிழையா டிவியில் செய்தி வாசிக்கிறார்கள்? அங்கேயும் மாடு மேய்க்கிறவர், ரொட்டி சுடுகிறவர், கிணறு வெட்டுகிறவர் என்று ஆளுக்கொரு பேச்சு இருக்கத்தானே செய்யும்? அப்படி நினைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்ததும் காது திறந்துகொண்டது. மூன்று வருஷத்தில், எந்தப் பக்கத்துக் கிழவர் என்றாலும் இஃப்பத்திடம்தான் அனுப்புவார்கள்.

அப்புறம்தான் கம்ப்யூட்டரே கேட்டு எழுத ஆரம்பித்தது. முதல் பிரதியை அது அடித்துவிடும். பிழை திருத்துவது மட்டும் மனுஷர் வேலை. பத்துப் பேர் செய்த இடத்தில் நாலு பேர் ஆனார்கள். மேற்பார்வை பார்க்கிற பவுல்ராஜ் ஃபோனில் அலுத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் நம்மளும் இருப்பமான்னு தெரியலம்மா. கையில இருக்கிறத ஒழுங்கா முடிச்சுக் குடுப்போம்."

அந்தச் சமயத்தில் வந்ததுதான் ஹேசல்போர்ட் வேலை. ஹேசல்போர்ட் என்பது இங்கிலாந்தில் ஆடு மேய்கிற குன்றுகளுக்கு நடுவே ஒரு கிராமம். உலக யுத்தக் காலத்தையும் அதற்குப் பிந்தைய வருஷங்களையும் நேரில் பார்த்தவர்களில் பதினோரு பேர்தான் அங்கே மிச்சம். அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து, புத்தகமாகப் போட ஊர்க்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

இஃப்பத்துக்கு அந்தப் பதிவுகள் பிடித்துப்போயின. மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தால் ஹேசல்போர்ட் கதைதான். லண்டனில் குண்டு விழுகிறது என்று பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பினார்களாம். அதில் ஒரு பையன் பசுவைப் பார்த்து, இது ஏன் இம்புட்டுப் பெரிய நாயாக இருக்கிறது என்று கேட்டானாம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்துணி. வெளிச்சம் ஒரு நூல் கசிந்தாலும் காவலர் வந்து கதவைத் தட்டுவாராம்.

"யுத்தம் நடந்தப்பகூட ரொட்டிக்கு ரேஷன் இல்லையாம் மாமி. ஜெயிச்சு முடிச்ச பெறகுதான் ரொட்டிக்கும் ரேஷன் வந்துச்சாம். மிட்டாய அளவில்லாம வாங்கித் திங்க இன்னும் ஏழெட்டு வருஷம் ஆச்சாம்."

குர்ஷித் பேகம் வெஞ்சனக் கிண்ணத்தை நகர்த்தியபடி வியந்தார். "வெள்ளக்காரனும் கார்டத் தூக்கிட்டு வரிசையில நின்னானா? நம்மள ஆண்டவந்தானே அவன்?"

"ஆண்டது வேற ஆளுக மாமி. இவங்க ஆடு மேய்ச்சவங்க."

ஒன்பதாவது பதிவு பெரில் என்கிற அம்மாளுடையது. வயசு எண்பத்தேழு. திருத்திக்கொண்டே வந்த இஃப்பத், நடுப்பக்கத்தில் ஒரு வரியில் நின்றாள். 'நாங்கள் போகும்போது அவர் குட் காஃபீஸ் என்பார்.' நல்ல காபிகள். யுத்தக் காலத்தில் எங்கே நல்ல காபி? கம்ப்யூட்டர் உளறியிருக்கும் என்று பின்னால் தள்ளிக் கேட்டாள். பெரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். 'குடா காஃபீஸ்.'

பெரில் சொன்ன கதை இது. அவருக்கு ஆறு வயசாக இருந்தபோது, கோவேறு கழுதைகளோடு இந்தியச் சிப்பாய்கள் கொஞ்சப் பேர் அந்த ஊர்ப் புல்வெளியில் வந்து தங்கினார்கள். பிள்ளைகள் கழுதைகளுக்கு கேரட் கொண்டுபோவார்கள். பதிலுக்குச் சுடச்சுட ரொட்டி கிடைக்கும். தாடி வைத்த ஒரு சிப்பாய், இருட்டுவதற்குள் பிள்ளைகளைத் புல்வெளியின் வேலிக் கதவு வரை கூட்டிவந்து, நெஞ்சில் கைவைத்து அந்த வார்த்தையைச் சொல்லுவார். பிள்ளைகளும் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

அந்த வருஷம் பெரிலின் அப்பா கடற்படையிலிருந்து நாலு நாள் விடுப்பில் வந்தார். திரும்பிப் போகும்போது அம்மா வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மகள் வீட்டில் சொல்லி விளையாடுகிற அந்த வார்த்தையைச் சொன்னாள். அப்பா சிரித்துவிட்டார். யுத்தம் முடிந்ததும் நல்ல காபி குடிப்போம் என்று அந்தச் சிப்பாய் வாழ்த்துகிறார் போல, என்றார். 1946இல் முழு ஆளாகத் திரும்பியும் வந்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் பயணம் கிளம்பினாலும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். மூத்த மகள் கனடாவுக்குப் போனபோதும், கணவரை அடக்கம் செய்தபோதும் பெரில் அதைத்தான் சொன்னார்.

இஃப்பத் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் கல்யாணமாகிப் பிறந்தவீட்டை விட்டுக் கிளம்பியபோது அத்தா சனாவுல்லா சொன்ன வார்த்தை அது. தப்ரேஸ் காலையில் பைக் எடுக்கும்போது அவளே தினமும் சொல்கிற வார்த்தை. குதா ஹாஃபிஸ்.

பவுல்ராஜை ஃபோனில் கூப்பிட்டாள்.

"புரியாத பாஷை வந்தா 'வேற்றுமொழி'ன்னு போட்டுட்டுப் போயிரணும்மா. அதான ரூல்?" என்றார் அவர்.

"புரியாட்டித்தான சார்? எனக்குப் புரியுதே."

"புரிஞ்சாலும் நம்ம குறிப்பு எழுதக்கூடாது. கேட்டத எழுதுறதுதான் வேலை. பார்ட்டி கோவிச்சுக்கிட்டா இருக்கிற வேலையும் போயிரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இஃப்பத் அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் பிரதியை அனுப்பும்போது அடியில் இரண்டே வரி சேர்த்தாள். 'இது காபி அல்ல என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் உருதும் பேசுவோம். பிரியும்போது சொல்கிற குதா ஹாஃபிஸ் என்ற வார்த்தை இது. இறைவன் உங்களைக் காப்பான் என்று பொருள்.'

பிறகு ஒரு வாரம் புது வேலை எதுவும் வரவில்லை. "நான் வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேனோ என்னமோ," என்று இஃப்பத் புருஷனிடம் புலம்பினாள். தப்ரேஸ் அசரவில்லை. "தெரிஞ்சத சொன்ன. இதுல என்ன தப்பு? போனாப் போகுது, செத்த நேரம் நிம்மதியா இரு."

எட்டாம் நாள் பவுல்ராஜே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் திணறல்தான் இருந்தது. "அந்த அம்மாவோட மக மெயில் போட்டிருக்காங்க. குறிப்பு எழுதுனவங்களோட அவங்க அம்மா பேசணுமாம். வீடியோவுல. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலம்மா."

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஹேசல்போர்ட்டில் காலை வெயில் ஏறும் நேரத்தில், திரையில் பெரில் வந்தார். வெள்ளை முடி, நீலக் கம்பளிச் சட்டை, காதில் கேட்கும் கருவி. பக்கத்தில் இளைய மகள். தப்ரேஸ் அன்று வேலைக்குப் போகாமல் கதவோரம் நின்றான்.

வணக்கம் சொல்லி முடித்ததும் பெரில் நேராக விஷயத்துக்கு வந்தார். "அதை நீ சொல்லிக் காட்டு."

இஃப்பத் சொன்னாள். பெரில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

இரண்டாம் தடவை சொன்னதும் அவர் தலையை மெல்ல ஆட்டினார். "அவர் இப்படித்தான் சொன்னார். நாங்கள்தான் தேய்த்துவிட்டோம். அப்படியானால் அவர் எங்களுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் எண்பது வருஷமாகக் காபி கேட்டுக்கொண்டிருந்தோம்!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் நிறைந்தது. மகள் துணி எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் ஆசுவாசப்பட்ட பிறகு, "நான் அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"அதையேதான். நீங்கள் திருப்பிச் சொன்னது சரியான பதில்தான்."

அதுவரை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் நின்றிருந்த குர்ஷித் பேகத்துக்கு இங்கிலீஷ் ஒரு சொல்கூடப் புரியாது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை புரிந்ததே! மருமகளின் தோளைப் பிடித்துக் குனிந்து, திரைக்குள் முகத்தைக் காட்டி, நெஞ்சில் கைவைத்து, "குதா ஹாஃபிஸ்" என்றார். அந்தப் பக்கம் பெரிலின் கையும் தானாக நெஞ்சுக்குப் போனது. திருத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக, அவர் திருப்பிச் சொன்னார்.

"ஏண்டி, பேச ஆரம்பிக்கையிலேயே போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டனே," என்று மாமியார் பிறகு கூச்சப்பட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் இஃப்பத் எதிர்பார்க்கவில்லை. ஹேசல்போர்ட்காரர்கள் புத்தகம் முழுவதையும் அவளே ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று கிராமத்தார் தங்கள் பதிவுகளையும் அவளிடமே கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். கம்ப்யூட்டர் அடித்த பிரதிகளை அனுப்பும் முன் ஆள் வைத்து முழுசாகக் கேட்பது என்று நிறுவனத்தில் புது ஏற்பாடு செய்தார்கள். பவுல்ராஜ் அதற்கு அவளையே பொறுப்பாளராகப் போட்டார். நாத்தனார் ருக்ஸாரும் இப்போது கூட உட்கார்ந்து வேலை பழகுகிறாள். புத்தகம் தபாலில் வந்தபோது, நன்றிப் பக்கத்தில் இஃப்பத்தின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இஃப்பத் அதைப் பேனாவால் எழுதிச் சேர்த்துவிட்டு, ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தாள்.

புத்தகத்தின் படங்களைப் புரட்டிப் பார்த்த குர்ஷித் பேகம், ஒரு சிப்பாயின் காலைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இதே பூட்ஸுதான். எங்க அத்தா யுத்தத்தப்ப தோல் பதப்படுத்துற ஷாப்புல வேல பாத்தாரு. பட்டாளத்து பூட்ஸுக்கு ராப்பகலா தோல் போச்சாம். சண்ட முடிஞ்சதும் ஷாப்ப மூடிட்டாக. கழிச்சுப்போட்ட பூட்ஸு ஒரு சோடி குடுத்து அனுப்பினாக. வீட்டுல வந்து பாத்தா ரெண்டும் எடது காலு."

"போட்டுக்கிட்டாரா மாமி?"

"போடாம? பத்து வருஷம் போட்டாரு. அதோடதான் பழனிச் சந்தைக்கு வளையல் விக்கப் போவாரு. ஒரு பக்கமாவே சாஞ்சு நடப்பாருன்னு எங்கம்மா சொல்லும்."

கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் இஃப்பத் இதைக் கேட்டதே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இத மொதல்லேர்ந்து சொல்லுங்க மாமி. பதிஞ்சு வச்சுக்குவோம்."

"இரு, நல்ல சேல மாத்திக்கிட்டு வாரேன்."

"குரல் மட்டும்தான் மாமி. முகம் தெரியாது."

"தெரியாட்டி என்ன? எங்க அத்தாவப் பத்திப் பேசப்போறேன்ல?"

அவர் உள்ளே போய், பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, அத்தாவின் முழுப்பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.