ஒரு முகத்தைக் காட்ட என்ன தயக்கம், முருகா?

முருகனோடு நான் சண்டை போட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். என் கணவர் செந்தில் மேலுதடு பிளந்து பிறந்தவர். மீசைக்குள் இன்றும் தழும்பு இருக்கிறது. அதனால் குழந்தையின் உதட்டை ஸ்கேனில் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தையோ கையால் முகத்தை மூடிக்கொண்டது.

"பேபி ரொம்ப ஷை லா," என்று ஸ்கேன் எடுத்த பெண் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்துவிட்டு வரச் சொன்னார். நடந்தேன். இனிப்பாக ஏதாவது குடிக்கச் சொன்னார். கீழே போய் ரோஜா சிரப் கலந்த பால், பண்டுங் குடித்தேன். வயிறு உப்பியதுதான் மிச்சம். அடுத்த வாரம் போனாலும் அதே கை.

வீட்டில் மாமியார் வேறு. "பார்க்கவே வேணாம்மா. பொறக்கிறப்ப தெரிஞ்சாப் போதும்," என்று அழுவார். கிரகணத்தன்று என்னைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. செந்தில் பிறந்தபோது, கிரகண நேரத்தில் காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்று உறவெல்லாம் மாமியாரைத்தான் குற்றம் சொன்னதாம். குழந்தை குடித்த பால் மூக்கு வழியாக வர, என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தாராம். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான். முன்கூட்டியே தெரிந்தால்தானே நான் அப்படித் தவிக்காமல் இருக்க முடியும்?

அடுத்த ஸ்கேனுக்கு முதல் நாள் மாலை, சிராங்கூன் சாலையில் பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கைகூடக் கூப்பவில்லை.

"உனக்கு ஆறு முகம் இருக்கு. எம் பிள்ளைக்கு இருக்கிற ஒரு முகத்தக் காட்டக் கூடாதா? நல்லா இருக்கணும்னு கேட்கல. எப்படி இருந்தாலும் காட்டு!"

பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மறுநாள் கை விலகியது. உதடு தெரிந்தது. பிளவும் தெரிந்தது.

இதுதான் உன் பதிலா என்று படுத்தபடியே அழுதேன். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டான். அதுதான் ஆத்திரம்.

டாக்டரைப் பார்க்க மாமியாரும் வந்தார். டாக்டர் தமிழர். உதட்டை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம், வாய்க்குள் மேலே இருக்கும் அண்ணம் எப்படி என்று பிறந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும், பால் கொடுக்கத் தனிப் புட்டி இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கிரகணத்தன்னிக்குக் கத்தியத் தொட்டா இப்படி ஆகுமா டாக்டர்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யாரும் செஞ்ச தப்பு இல்ல இது."

"எம் மகனுக்கு வந்தது?"

"அதுவும்தாம்மா."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இத்தனை வருடமாக அவர் சுமந்தது என்னவென்று அன்றுதான் எனக்கு உறைத்தது. என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

மகள் பிறந்தாள். அண்ணத்திலும் பிளவு இருந்தது. ஆனால் யாரும் பதறவில்லை. புட்டி தயாராக இருந்தது. முதல் பாலைக் கொடுத்தது மாமியார்தான். இப்போது உதட்டுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. அண்ணத்துக்குக் காத்திருக்கிறோம். முருகன் பார்த்துக்கொள்வான்.

உங்களுக்கும் அவன்மேல் கோபம் இருந்தால், போய்ச் சண்டை போடுங்கள். அவன் காதில் விழும். ஸ்கேனுக்கும் தவறாமல் போங்கள்.

போன கிரகணத்தன்று மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். நான் பார்க்கப் பார்க்க, கத்தியை எடுத்து நிதானமாக வெங்காயம் நறுக்கினார்.