நான்கு ஓட்டைகள்

ஏணியை விரிப்பதற்கு முன் அவர் ஒரு நாற்காலி கேட்பார். கேமரா எந்த இடத்தைப் பார்க்கப்போகிறதோ அங்கே அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். வேலை கொடுத்தவர்கள் ஆள் சோம்பேறி என்றே முதலில் நினைப்பார்கள். “ஏணி மேல நின்னா ஒண்ணு தெரியுது. கீழ உக்காந்தா வேற ஒண்ணு தெரியுது. ரெண்டையும் பாத்துட்டுதான் செவுத்துல கை வைக்கணும்” என்பார்.

கண்காணிப்புக் கேமரா பொருத்துவது தொழில். பிரெஞ்சுத் தத்துவம் படிப்பது பைத்தியம். கருவிப் பையில் ஒயர் சுருளுக்கு அடியில் தமிழாக்கப் புத்தகம் ஒன்று, பென்சில் கோடும் சிமென்ட் தூசியுமாக, எப்போதும் கிடக்கும். தெருவில் அவர் பெயரே ‘பிரெஞ்சு’ ஆகிவிட்டது. தையல் வேலை செய்யும் மனைவி மட்டும் மசிவதில்லை. “அதிகாரம் எங்க ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவாரு. உப்பு டப்பா எங்கன்னு கேட்டா முழிப்பாரு.”

செய்தித்தாளில் தலைவர்கள் முழங்கியதையெல்லாம் தாண்டிப் போய்விடுவார். புது அடையாள அட்டை, படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம், இப்படிப்பட்ட இடத்தில்தான் விரல் நிற்கும். “நாற்காலியில இருக்குற ஆளுதான் அதிகாரம்னு நினைக்கிறோம். அது கரண்டு மாதிரிங்க. நம்ம வழியாவும்தான் ஓடுது.” எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன், இவ்வளவு எளிதாக யாரும் எனக்கு அரசியல் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவரும் சென்ற மாதம் சறுக்கினார். துப்புரவுத் தொழிலாளர்களின் ஓய்வறையில் கேமரா வைக்கச் சொல்லி நகராட்சி அதிகாரி உத்தரவு. கையுறை கேட்டு வேலைநிறுத்தம் செய்வதைப் பற்றி அவர்கள் கூடிப் பேசும் ஒரே இடம் அது. இது தெரியாமல், நேரமாகிவிட்ட அவசரத்தில், உட்கார்ந்தும் பார்க்காமல் நான்கு ஓட்டைகள் போட்டுவிட்டார். கேமராவைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள், வேலை முடிந்து வந்த ஓர் அம்மாள் காலணியைக் கழற்றிப் பெஞ்சில் காலை நீட்டினார். அண்ணாந்து ஓட்டைகளைப் பார்த்தார். காலை இழுத்துக்கொண்டு காலணியைத் திரும்ப மாட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்த தோழியைக் கண்ணாலேயே அடக்கினார்.

“கேமராவே இல்லீங்க, வெறும் ஓட்டை” என்று, மாட்டாமலே திரும்பி வந்து என்னிடம் சொன்னார். “யாரும் பாக்கலைன்னாலும் பாக்குறாங்கன்னு நினைச்சே அடங்கிடுவோம். புத்தகத்துல இதைச் சொல்ற பக்கத்துல ஏழு தடவை கோடு போட்டிருக்கேன். புரிஞ்சது அன்னைக்குத்தான்.”

மறுநாள் அதிகாரியைப் பார்க்கப் போனார். என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டார்.

“அந்த ரூம்ல மாட்ட மாட்டேன் சார்.”

“உனக்கு எதுக்குப்பா அரசியல்? மாட்டிட்டுப் போ.”

“மாட்டிட்டுப் போறதும் அரசியல்தான் சார்.”

“அப்ப இந்த ஆபீஸ் பக்கமே இனி வராத.”

அவருடைய வேலையில் பாதி அந்த அலுவலகம் கொடுப்பது. அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “சரி சார். போட்ட ஓட்டைய மட்டும் அடைச்சிட்டுப் போயிடறேன்.”

நாளைக்கே வேறு ஆள் வந்து மாட்டிவிடுவானே என்று வழியில் கேட்டேன்.

“மாட்டலாம். என் ஓட்டையில மாட்ட வேண்டாம்.”

ஓய்வறையில் அந்த அம்மாள் பெஞ்சின் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ‘பிரெஞ்சு’ வெள்ளைப் பூச்சைக் குழைத்து நான்கு ஓட்டைகளையும் நிரப்பி, கட்டைவிரலால் வழித்துச் சமன் செய்தார். ஏணியை மடக்கிச் சுவரில் சாத்தினார். பிறகு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் நன்றாக நீட்டிக்கொண்டார்.