செர்ரி மர டேபிளுக்குத் தேமல்

இரண்டு வாரமாக ஒரு ஃபர்னிச்சர் கடையை ‘ஃபிராடு’ என்று விழுப்புரம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. விரித்தவன் நான்.

போன வருடம் திண்டிவனத்தில் செர்ரி மர டைனிங் டேபிள் ஒன்று வாங்கினேன். அசல் மரம். ‘பிளைவுட்டில் சாப்பிடுகிறவன் மனிதனா?’ என்று மச்சானிடம் வசனம் பேசியிருந்ததால் வேறு வழியில்லை.

கடையின் விற்பனையாளர் ஆரோக்கியத்துக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். பலகையில் கறுப்பாக ஒரு கீற்று... “கோந்து ஓடின தடம். நேச்சுரல் சார்.” ஊசிமுனை அளவில் கணுக்கள்? “நேச்சுரல்.” ஓரத்தில் மட்டும் வெளிர்மஞ்சள்? “நேச்சுரல்.”

“வெளிச்சம் பட்டா போகப் போகக் கறுக்கும் சார். அதுவும்...”

“நேச்சுரலா?” என்றேன். கல்யாணத் தரகர்கூட இத்தனை குறைகளை ஒற்றை வார்த்தையில் மூட மாட்டார்!

திருவக்கரையில் கல்லாகவே மாறிக் கிடக்கும் மரங்களில்கூடக் கணுவும் ரேகையும் அப்படியே இருக்கின்றன. எனக்கு மட்டும் மாசுமருவே கூடாது. மரம் வேண்டும் – ஆனால், அது எங்கேயும் முளைத்து வளர்ந்திருக்கக் கூடாது. கடையையே புரட்டி, இருப்பதில் சுத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன்? புது சோஃபாவின் பாலிதீன் உறையைக் கிழிக்காமல், அதன்மேலேயே உட்கார்ந்து வியர்க்கிற பரம்பரை அல்லவா நாம்! வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கி விரித்தேன். அதற்கப்புறம் மரத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. டேபிள் கிடந்தது ஜன்னலோரம்.

அண்மையில் மச்சான் வருகிறார் என்று விரிப்பைக் கழுவி, மடித்து வைத்தேன். டேபிளின் நடுப்பகுதி வெளுத்திருந்தது. விளிம்போ செம்பழுப்பு. இடையே கரும்புள்ளிகள், வரிசை வரிசையாக.

“இன்னா மாமா, டேபிளுக்குத் தேமலா?” என்றார் மச்சான்.

சாயம் போகிறது, பூஞ்சையும் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பூஞ்சை ஏன் போலீஸ் அணிவகுப்பு மாதிரி சம இடைவெளியில் நிற்கிறது என்று யோசிக்கவில்லை. நிறையப் படித்தவன் அல்லவா!

கடைக்குப் போன் செய்தேன். “நான் பத்திரிகையில எழுதறவன். நாறடிச்சிடுவேன்.”

கடைசியில் ஓனரே வந்தார், ஆரோக்கியத்தையும் இழுத்துக்கொண்டு. டேபிளைப் பார்த்ததும் ஓனர் ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

“இன்னாபா இது? லோடு எடுக்க உன்னதான அனுப்புனேன்? சாயம் பூசின மரத்தயா வாங்கியாந்த?”

“இல்லண்ணா... நேச்சுரல்...”

“இதுவுமா? இன்னொரு தபா அந்த வார்த்தைய சொல்லு... நாளையிலேர்ந்து கடைக்கே வராத.”

வேலை போகிற முகத்தோடு நின்றார் ஆரோக்கியம். நான்? நீதிபதி தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது என் மனைவி ஸ்டெல்லா காபியோடு வந்தாள். வெறும் மரத்தில் டம்ளரை வைக்க அவளுக்கு மனசு வருமா? அலமாரியிலிருந்து அந்த விரிப்பை எடுத்து, உதறி விரித்தாள்.

ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு கரும்புள்ளி. கச்சிதமாக.

நால்வரும் குனிந்து பார்த்தோம். வெயில் பட்ட இடமெல்லாம் கறுத்திருக்கிறது – ஓட்டை வழியாகக்கூட. விரிப்புக்கு அடியில் மட்டும், வாங்கின அன்றைய வெளிர் நிறம்.

“நேச்சுரல்...” என்றார் ஓனர், மெதுவாக.

விரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டால் மீதியும் மெல்லக் கறுத்து, எல்லாம் ஒரே நிறமாகிவிடும் என்றார் ஆரோக்கியம்.

வாசலில் அவரைத் தனியே பிடித்து வருத்தம் தெரிவித்தேன். பெரிய மனசோடு, “கவலப்படாதீங்க, கடையப் பத்தித் தப்பா எதுவும் எழுத மாட்டேன்” என்றும் சொன்னேன்.

“அய்ய, நீங்க எழுதுவீங்கன்னு நாங்க வரல சார். ‘எழுதிக்கினு போவட்டும், யாரு படிக்கிறா’ன்னுட்டாரு ஓனரு. மேடம்தான் போன் பண்ணாங்க – ‘ரெண்டு வாரமா வீட்ல அந்த டேபிள் பேச்சுதான், எதுனா ஒண்ணு சொல்லி அவர அடக்கிட்டுப் போங்க’ன்னு.”