சமையலறை இல்லாத அறை

பெங்களூரிலிருந்து வரும் சாயங்கால ரயிலில் பங்காருபேட்டை வரைக்கும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். அங்கே பாதிப் பேர் இறங்கிய பிறகு உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து முதுகைச் சாய்ப்பதற்குள் நான் இறங்க வேண்டிய கோரமண்டல் ஸ்டேஷன் வந்துவிடும். அப்படி நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, அந்தமானில் தங்குவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். வாரக்கணக்காக இதே வேலை. எல்லாப் படத்திலும் அதே நீலத் தண்ணீர், அதே வெள்ளைப் படுக்கை, தலையணைமேல் அதே சிவப்புப் பூ. ஒருவர் சொர்க்கம் என்று எழுதியிருந்த விடுதியை அடுத்தவர் கொசுப்பண்ணை என்று எழுதியிருந்தார். நாள் முழுக்க அலுவலகத் திரையைப் பார்த்த கண்ணுக்குக் கடலும் இன்னொரு வேலையாகத்தான் தெரிந்தது.

போவது நான், அம்மா, நைனா மூவரும். நைனா கோலார் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் இறங்கியவர்; அதன் பிறகு பல வருடம் இதே ரயிலில் போய்ப் பெங்களூரில் காவலாளி வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். என் சம்பளத்தில் இரண்டு பேரையும் விமானத்தில் ஏற்றப்போகிறேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. அதை ஒளித்து வைக்கவும் இல்லை.

ஆனால் எனக்கு விமானத்தைவிட முக்கியமானது அறைதான். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஆட்கள் பிழைப்புக்காகப் போகாத ஊர் இல்லை. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கே.ஜி.எஃப். ஆள் ஒருவர் இருப்பார். அவர் வீட்டில்தான் தங்க வேண்டும். அறை எடுத்தால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம். ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தவர்கள் வீட்டில் தங்கினோம். செருப்பைக் கழற்றிய கையோடு அம்மா புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு அந்த வீட்டுச் சமையல்கட்டுக்குள் போனவள்தான். சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்குக் கிளம்பினோம். "நீங்க போய்ட்டு வாங்க, மாவு ஆட்டணும்" என்றாள். அவள் இன்றுவரை கடலில் கால் வைத்ததில்லை. இந்த முறை அவள் போகும் இடத்தில் அவளுக்கு அடுப்பு இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஊர்ப் பேரை மட்டும் நைனாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது. அவர் கடைத்தெரு டீக்கடையில் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய வடகப் பொட்டலம். அவருடைய தங்கை கல்யாணமாகிப் போர்ட் பிளேரில் இருக்கிறாராம். அந்தத் தங்கையின் குரல் அம்மாவின் கைப்பேசியிலிருந்து வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்குக்கா ரூமு? நாங்க இன்னா செத்தா பூட்டோம்? உன் கை மீன்கொழம்பு சாப்ட்டு எத்தினி வருசம் ஆவுது."

"வந்து வெச்சித் தரேன்" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

நான் பையைக்கூட இறக்கவில்லை. "நைனா, ரூம் பாத்துகினு இருக்கேன்னு சொன்னேன் இல்ல?"

"பாரு, பாரு. கீழ் ரூமா பாரு. கேஜுல ஏறி எறங்கனதே போதும் எனக்கு" என்றார் அவர், நான் அதைத்தான் கேட்டதுபோல. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டைச் சொல்வதுபோல, லிஃப்டையும் அவர் எப்போதும் கேஜ் என்றுதான் சொல்வார்.

அம்மாவின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினேன். "சித்தி, ஒரு நாள் மத்தியானம் உங்க வீட்டுக்கு வரோம். தங்கறது ரூம்லதான்."

"ஏம்மா, எங்க வீடு சின்னதுன்னா?"

"அது இல்ல சித்தி. எங்க போனாலும் அம்மா சமையல்கட்டுலதான் நிக்குது. அங்கயாச்சும் வேணாம்னு பாக்கறேன்."

"நாங்க வேலை வாங்கிடுவோம்ன்ற. படிச்ச பொண்ணு, நல்லாத்தான் பேசுற" என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அப்படிச் சொன்னது வலித்தது. படித்ததால்தான் பேசினேன், பேசியதை மாற்றிச் சொல்லவும் மாட்டேன் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்து பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்தார். "நீங்க எங்க வேணா தங்கிக்குங்க. இத மட்டும் அவகிட்ட சேத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மானத்த வாங்கிட்ட" என்றாள் அம்மா.

"நீ அங்க போயும் பாத்திரம் கழுவணுமா?"

"கழுவனா இன்னா, கை தேஞ்சா பூடும்?" என்றவள் கொஞ்சம் தணிந்து, "ரூம்ல நான் இன்னாடி பண்றது, நாள் முச்சூடும்?" என்று கேட்டாள்.

கோபத்தில் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "ஒண்ணும் பண்ணாத" என்றேன். அது ஒரு தண்டனையைப் போலத்தான் ஒலித்தது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஒரு சின்னத் தீவில் இடம் பார்த்தேன். அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அதுவே போதுமான தகுதியாக இருந்தது. தரைத்தளத்தில் இரண்டு அறைகள் மிச்சம். ஒன்றில் ஓரமாக அடுப்பும் நாலு பாத்திரமும் இருந்தன. இன்னொன்றில் கட்டில்களும் ஜன்னலும் மட்டும். அம்மா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"அடுப்பு இருக்கறதப் போடுடி. ஒரு டீக்காச்சும் ஆவும்."

நான் மற்றதை அழுத்தினேன். பதிவாகிவிட்டது என்று செய்தி வந்தது. அவள் அதையும் பார்த்தாள்.

"அப்போ காத்தால டீ?"

"அவங்களே கொண்டாந்து குடுப்பாங்க."

"நல்லா இல்லன்னா?"

"நல்லா இல்லன்னு சொல்லு. வேற போட்டுத் தருவாங்க."

அம்மா அதை யோசித்தபடி நின்றாள். பிறர் போட்ட டீயைக் குறை சொல்லும் இடத்தில் அவள் இதுவரை இருந்ததில்லை. குழம்பைச் சுட வைக்கச் சமையல்கட்டுக்குப் போனவள், அங்கிருந்தே சொன்னாள்:

"சக்கரை கம்மியாப் போடச் சொல்லு."